வெறி இருக்கு, சரி. பந்து வருமா?

ஒவ்வொரு ஆகஸ்ட்டும் இதே பாட்டுதான். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது ஃபேன்டசி டிராஃப்டுக்கு (நிஜ ஆட்டக்காரர்களை ரவுண்டு ரவுண்டாகத் தேர்ந்தெடுத்து, களத்தில் அவர்கள் ஆடுவதை வைத்துப் பாயின்ட் சேர்க்கும் விளையாட்டு) யோசனை சொல்கிற அத்தனை பேரும் ஆரம்பித்துவிடுகிறார்கள். "இவனுக்கு இது கான்ட்ராக்ட் வருஷம், முடிஞ்சா புதுசு வாங்கணும், வெறியோட ஆடுவான்." "பழைய டீம் கழட்டிவிட்ட கோபம் உள்ளே கனன்றுகிட்டு இருக்கு." "அஞ்சு கிலோ குறைச்சுட்டு வந்திருக்கான், இந்த வருஷம் வெடிக்கப் போறான்." இதை நம்பி எட்டாவது ரவுண்டில் எடுக்க வேண்டிய ரன்னிங் பேக்கை (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) நாலாவது ரவுண்டில் தூக்கிவிட்டு, அக்டோபரில் தலையில் கை வைத்து உட்காருகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெறி பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார், ஆடுகிறவரின் வெறி அல்ல. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

கணக்காகவே பார்ப்போம். வாரம் 15 கேரி (பந்தோடு ஓடும் வாய்ப்பு) வாங்கும் ஒருவர், கேரிக்கு 4.2 யார்டு ஓடினால் 63 யார்டு. பத்து யார்டுக்கு ஒரு பாயின்ட் என்றால் 6.3. வெறி வந்து அவர் ஓட்டம் 4.5 ஆக உயர்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 67.5 யார்டு, 6.75 பாயின்ட். வாரத்துக்கு 0.45 கூடுதல். பதினேழு ஆட்டத்துக்கும் சேர்த்து எட்டு பாயின்ட் கூடத் தேறவில்லை! அதே ஆள் ஒரு துளி வெறியும் கூடாமல், அதே 4.2 ஓட்டத்தில் 20 கேரி வாங்கினால் வாரத்துக்கு 2.1 கூடுதல், சீசனுக்கு 35.7. கோல் லைன் அருகே பந்து கிடைத்து, கோட்டைத் தாண்டி எடுக்கும் ஒரு டச்டவுனுக்கு ஆறு பாயின்ட் என்பதை இதில் சேர்க்கவே இல்லை. எதைப் பார்த்து டிராஃப்ட் செய்ய வேண்டும் என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

கான்ட்ராக்ட் வருஷம் என்று பேச ஆரம்பித்தாலே ரன்னிங் பேக் ஜாஷ் ஜேக்கப்ஸை இழுத்துவருவார்கள். 2022இல் ரைடர்ஸ் அணி அவருடைய ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனை (முதல் கான்ட்ராக்டை ஒரு வருடம் நீட்டும் உரிமை) ஏற்க மறுத்தது. அந்த சீசனில் 1,653 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம். "பார்த்தியா, வெறி!" சரி, அடுத்த வருடம்? 2023இல் அணி டேக் போட்டது (இன்னும் ஒரு வருடம் தன்னிடமே நிறுத்தும் உரிமை), நீண்டகால கான்ட்ராக்ட் கிடைக்கவில்லை, பயிற்சி முகாமுக்கே வராமல் இருந்துவிட்டு ஒரு வருட ஒப்பந்தத்துக்கு வந்தார். மறுபடியும் கான்ட்ராக்ட் வருஷம், கோபமும் முன்பைவிட அதிகம். ஓடியது 13 ஆட்டத்தில் 805 யார்டு, கேரிக்கு 3.5. இதை ஏன் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை? 2021இல் 217 கேரி, 2022இல் 340 கேரி. அந்த வெடிப்பின் பெரும்பகுதி இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

டிமார்கோ மர்ரேயும் இதே கதைதான். டல்லாஸில் 2013இல் 217 கேரிக்கு 1,121 யார்டு, கான்ட்ராக்ட் முடியும் 2014இல் 392 கேரிக்கு 1,845. கேரிக்கு ஓடிய தூரம் 5.2இலிருந்து 4.7ஆகக் குறைந்திருக்கிறது! அடுத்த வருடம் பிலடெல்ஃபியாவில் 702 யார்டுதான் ஓடினார் என்றதும் "காசு வந்தது, பசி போச்சு" என்று எழுதித் தள்ளினார்கள். 193 கேரிதான் கொடுத்தார்கள், அவருக்குப் பொருந்தாத ஆட்டமுறையில் நிறுத்தினார்கள் என்பது யார் கண்ணிலும் படவில்லை. 2016இல் டென்னசியில் 293 கேரி கிடைத்தது, 1,287 யார்டு ஓடினார். போன பசி திரும்பி வந்ததா?

இங்கே கவனிக்க வேண்டியது ஆட்டக்காரரின் நோக்கத்தை அல்ல, அணியின் நோக்கத்தை. இவரை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்றால், அவர் கால்கள் தேய்வதைப் பற்றி அணிக்கு என்ன கவலை? 340, 392 என்று சக்கையாய்ப் பிழிந்துவிடுவார்கள். ஆகவே கான்ட்ராக்ட் வருஷம் என்று கேட்டதும் தேட வேண்டியது இதை: அந்த அணி இந்த வருடம் என்எஃப்எல் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்வு செய்வது) இன்னொரு ரன்னிங் பேக்கை எடுத்ததா? எடுத்திருந்தால் பங்கு பிரியும். எடுக்கவில்லை என்றால் மொத்தச் சுமையும் இவர் மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் கான்ட்ராக்ட் நான்கு வருடம், முதல் ரவுண்டில் எடுத்தவர்களுக்கு மட்டும் அணி விரும்பினால் ஐந்தாவது. மூன்று சீசன் முடிந்தால்தான் புதுப் பேச்சுவார்த்தை. மிகச் சிறந்தவர்களை அணிகள் முன்கூட்டியே வளைத்துப் போட்டுவிடுகின்றன. கடைசி வருடம் வரை கையெழுத்தில்லாமல் நிற்பவர்களில் பலர் மீது அணிக்கே ஏதோ சந்தேகம் இருக்கிறது. அந்த வருடத்தில் அவர்களுக்கு வயது 24, 25, 26. ரன்னிங் பேக்குகள் எப்படியும் உச்சத்தில் இருக்கும் வயது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைப் பாராட்டுகிறார்கள்.

சாக்வான் பார்க்லிக்கு 2023 கான்ட்ராக்ட் வருஷம்தான். நியூயார்க் ஜயன்ட்ஸில் 14 ஆட்டம், 962 யார்டு, கேரிக்கு 3.9. 2024 மார்ச்சில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்று வருடத்துக்கு 3 கோடியே 77.5 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. காசு வந்த பிறகு ஓடியதுதான் 2,005 யார்டு, கேரிக்கு 5.8. முன்னால் லேன் ஜான்சன், ஜார்டன் மைலாட்டா போன்ற மலைகள் நின்று வழி திறந்தன. குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) ஜேலன் ஹர்ட்ஸும் ஓடக்கூடியவர் என்பதால் எதிரணியால் பார்க்லியை மட்டும் குறிவைக்க முடியவில்லை.

அதே சீசனின் 18ஆம் வாரம், 2025 ஜனவரி 5. எரிக் டிக்கர்சன் 1984இல் வைத்த 2,105 யார்டு சாதனையை உடைக்க பார்க்லிக்கு 101 யார்டு தேவை. எதிரே இருப்பது யார்? அவரைப் போகவிட்ட அதே ஜயன்ட்ஸ். சாதனை, பழிவாங்கும் ஆட்டம், சொந்த மைதானம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நாள். அவர் தொட்ட பந்து? பூஜ்யம். பிளேஆஃப் இடம் ஏற்கெனவே உறுதி என்பதால் பயிற்சியாளர் ஓய்வு கொடுத்துவிட்டார். அதே நாளில் டம்பாவில் ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) மைக் எவன்ஸுக்குத் தொடர்ந்து பதினோராவது 1,000 யார்டு சீசனுக்கும், 30 லட்சம் டாலர் போனஸுக்கும் ஐந்து யார்டு பாக்கி. ஆட்டம் ஜெயித்தாயிற்று, மண்டியிட்டு நேரத்தைக் கழித்தால் போதும். ஆனால் அணி மண்டியிடவில்லை. பேக்கர் மேஃபீல்ட் வீசினார், எவன்ஸ் பிடித்தார், ஒன்பது யார்டு. இரண்டு பேருக்கும் ஆசை இருந்தது. ஒருவருக்கு அணி பந்து கொடுத்தது, இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. பெரும்பாலான ஃபேன்டசி லீக்குகள் 17ஆம் வாரத்தோடு முடிந்துவிடுவதால் அந்த ஒன்பது யார்டாலும் யாருக்கும் கோப்பை கிடைத்திருக்காது.

இளம் ரன்னிங் பேக்குகள் விஷயத்தில் இந்த வெறிப் பேச்சு செய்கிற கெடுதல் இன்னும் மோசம். குவார்ட்டர்பேக்கைக் காக்கத் தெரியாவிட்டால் எந்த வெறியும் அவர்களைக் களத்தில் நிறுத்தாது. மூன்றாவது டவுன் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), எட்டு யார்டு வேண்டும். முன்வரிசையில் சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே எதிரணியின் 105 கிலோ லைன்பேக்கர் ஒருவர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறார். ரன்னிங் பேக் அதை ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) முன்பே கணித்து, உள்பக்கம் ஓர் அடி எடுத்து வைத்து, அவர் நெஞ்சில் மோதி நிறுத்த வேண்டும். ஒரு கணம் வெளிப்பக்கம் பார்த்தால் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். இரண்டு முறை இப்படி நடந்தால் அடுத்த மூன்றாவது டவுனுக்கு வயதான ஆளைத்தான் அனுப்புவார்கள். அந்தத் தருணங்களில் ரன்னிங் பேக்குகளுக்கு கேட்ச் வரும். கேட்சுக்கு ஒரு பாயின்ட் தரும் லீக்கில் அத்தனையும் போயிற்று.

வெறியும் கோபமும் நிஜமாகவே கணிப்பை மாற்றும் இடம் ஒன்று உண்டு: ஆள் வராமல் இருப்பது. 2018இல் லெவியான் பெல் டேக்கை ஏற்காமல் சீசன் முழுக்க வெளியே இருந்தார். பிட்ஸ்பர்க்கில் அந்த இடத்துக்கு வந்த ஜேம்ஸ் கானர் 13 ஆட்டத்தில் 973 யார்டும் 12 டச்டவுனும் ஓடி எடுத்தார். கோபம் பெல்லுக்கு, வெடிப்பு கானருக்கு. சம்பளத் தகராறு என்று செய்தி வந்தால் உடனே அடுத்த இடத்தில் இருப்பவரைப் பாருங்கள்.

மற்றபடி ஆகஸ்டில் பார்க்க வேண்டியவை கண்ணெதிரேதான் கிடக்கின்றன. முன்சீசன் ஆட்டத்தில் அவர் முதல் அணியோடு இறங்கி, முதல் அணியோடே வெளியே வருகிறாரா? நல்லது. நான்காம் குவார்ட்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு அழகாக ஓடினாலும் விடுங்கள். ரிசீவர் என்றால், போன வருடம் ஆடி இப்போது வெளியேறியவர்களின் டார்கெட் (அவர்களை நோக்கி வீசிய பந்து) எத்தனை காலியாக இருக்கிறது, இவர் எத்தனை ரூட் (பந்தைப் பிடிக்க ஓடும் ஓட்டம்) ஓடுகிறார் என்று எண்ணுங்கள். இரண்டு பேர் ஒரே ரவுண்டில், எல்லா விதத்திலும் சமமாக நின்றால் அப்போது கான்ட்ராக்ட் வருஷத்தைப் பார்த்து ஒருவரை எடுங்கள். அதற்காக ஒரு ரவுண்டு கூட முன்னால் போகாதீர்கள்.

2023இல் ரிசீவர் புக்கா நாகுவா என்எஃப்எல் டிராஃப்டின் ஐந்தாம் ரவுண்டில் 177ஆவது ஆளாக வந்தவர். சாதிக்கும் வெறி இல்லாத ஐந்தாம் ரவுண்டு ஆள் யாராவது உண்டா? அவர் அணியின் ரிசீவர் கூப்பர் கப் காயத்தில் படுத்தார், முதல் வாரமே நாகுவாவுக்கு 15 டார்கெட். அந்த ஒரு எண்ணைப் பார்த்து, அந்த வாரமே வெய்வரில் (யாரும் எடுக்காத ஆட்களைக் கேட்டு வாங்கும் வழி) கேட்டவர்களுக்கு, அந்த சீசனில் மொத்தம் 1,486 யார்டு எடுத்த ஆள் கிடைத்தார்.