இடைவெளி எவ்வளவுன்னு கேட்டது தப்பா?

நேற்றைய வானியல் கூட்டத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். "சின்ன விஷயம், விடுங்க" என்று காலையிலிருந்து நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். விட முடியவில்லை.

ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் எல்லாமே ஒருநாள் மோதி வெடிக்குமாம். அதற்குள் முன்னேறிய ஒரு நாகரிகம் இரண்டையும் சுற்றி மூடும் ஒரே ராட்சத ஓட்டுக்குள் அடைத்து ஆற்றலை எடுத்துக்கொள்ளுமாம். மேடையில் பேசியவர் இதைச் சொன்னபோது நான் எழுந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்த ஜோடி? ரெண்டுக்கும் இடைவெளி எவ்வளவு?" கிடைத்த பதில், "சார் கணக்கு வாத்தியார் போல." அரங்கமே சிரித்தது.

இடைவெளி தெரியாமல் எந்த ஜோடியின் கதியையும் சொல்ல முடியாது. ஆல்ஃபா சென்டாரியின் இரண்டு பெரிய விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டு ஆகிறது. மிக நெருங்கும்போதே சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல 11 மடங்கு தள்ளித்தான் இருக்கின்றன. அவை தனித்தனியே வயதாகித் தனித்தனியே வெண்குறுமீன்களாக, அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய மிச்சங்களாக அடங்கும். வி1309 ஸ்கார்ப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியபடி 1.4 நாளுக்கு ஒரு முறை சுற்றிய ஜோடி, சுற்று சுருங்கிச் சுருங்கி 2008இல் ஒன்றாகிவிட்டது. இரண்டுமே இரட்டை விண்மீன்தான். இடைவெளிதான் வேறு.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் மட்டும் இல்லை. பள்ளி நாட்களில் ஒரு ராத்திரி முழுக்க அக்காவும் நானும் மொட்டைமாடியில் உட்கார்ந்து அல்கோல் என்ற இரட்டை விண்மீன் மங்குவதைப் பார்த்தோம். தொலைநோக்கி கிடையாது, வெறும் கண்தான். முதலில் பக்கத்து அல்மாக் விண்மீன் அளவுக்கு வெளிச்சமாக இருந்தது. அரை மணிக்கொரு தடவை நோட்டில் குறித்தோம். நாலைந்து மணி நேரத்தில், அதைவிட மங்கலாயிருந்த எப்சிலான் பெர்சியையே எட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜோடியில் ஒன்று மற்றதை மறைப்பதால் 2.87 நாளுக்கு ஒரு முறை நடப்பதுதான், ஆனால் எங்களுக்கு அன்றைக்குத்தான் நடந்தது. அந்த ஜோடியில் எடை குறைந்ததுதான் முதலில் முதுமையடைந்திருக்கிறது. காரணம், கனமான விண்மீனுக்குத்தான் முதுமை சீக்கிரம் வரும், ஒருகாலத்தில் அதுதான் கனமாக இருந்தது. ஊதிப் பெருத்தபோது தன் வாயுவைப் பக்கத்திலிருந்ததற்குக் கொட்டிவிட்டது. இவ்வளவு நெருக்கமாக இல்லாமல் இருந்திருந்தால் கொட்டியிருக்காது. மறுபடியும் இடைவெளி.

"டைசனே சொன்னாரே" என்பார்கள். விண்மீனைச் சுற்றி ஆற்றல் எடுக்கும் யோசனையை முன்வைத்த இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் அவர். 1960இல் அவர் கட்டுரை வந்த பிறகு, தான் நினைத்தது கெட்டியான ஓடு இல்லை, தனித்தனியே சுற்றும் பொருள்களின் கூட்டம் என்று அவரே விளக்கிவிட்டார். ஒற்றை விண்மீனைச் சுற்றி ஓடு கட்டினால் அது நிலைக்காது. உள்ளே இருக்கும் விண்மீனை ஓட்டின் ஈர்ப்பு எந்தப் பக்கமும் இழுக்காது. ஓடு கொஞ்சம் நகர்ந்தால் திருப்பிக் கொண்டுவர ஆளில்லை. 2025இல் ஆய்வாளர் கொலின் மெக்கின்னஸ் இரட்டை விண்மீனில் ஓடு நிலைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார், உண்மை, நானும் வாசித்தேன். ஆனால் அங்கே ஓடு மூடுவது சிறிய விண்மீனை மட்டும்தான், அதுவும் பெரியதோடு ஒப்பிட்டால் எடை மிகக் குறைவாக இருந்தால்தான். இரண்டையும் சேர்த்து இல்லை. எந்த ஜோடி என்று நான் கேட்டது இதற்காகவும்தான்.

"மக்களுக்கு ஆர்வம் வரணும்ல, கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன?" இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு ஜோடி 2022இல் மோதும் என்று 2017இல் அறிவித்தார்கள். பழைய குறிப்பொன்றில் 12 மணி நேரப் பிழை இருந்ததை அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், கணிப்பு விழுந்தது. அது தவறு என்று முதலில் கணித்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். கேள்வி கேட்டவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆர்வம் அங்கே இருக்கிறது. எனக்கு ஆர்வம் வந்ததும் ஒரு நோட்டில் நேரம் குறித்துத்தான்.

என்னைப் பார்த்துச் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பள்ளி மாணவி கையைப் பாதி தூக்கியிருந்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் கை மடிக்கு வந்துவிட்டது. நிகழ்ச்சி முடியும்வரை அவள் அதை மறுபடி தூக்கவில்லை. ஏற்பாட்டாளர்கள் இதைப் படித்தால், எனக்கு விளக்கம் வேண்டாம். அந்தப் பெண்ணைத் தேடி, என்ன கேட்க வந்தாள் என்று கேளுங்கள்.