குரங்குக்கு விஷம் வைக்கலாமா? சுற்றிவரும் தகவல் பொய்

"வீட்டுக்குள் புகும் குரங்குக்கு விஷம் வைக்கலாம், சட்டம் ஒன்றும் கேட்காது" என்று பினாங்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. முழுப் பொய், தயவுசெய்து பகிராதீர்கள். நீள்வால் குரங்கு மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. உரிமமின்றிக் கொன்றால் அபராதமோ சிறையோ இரண்டுமோ கிடைக்கும். வைத்த விஷத்தைப் பக்கத்து வீட்டுப் பூனையும் தின்னும், அது வேறு கொடுமை.

தொல்லை தாங்கவில்லையென்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் செய்யுங்கள். கூண்டு வைத்துப் பிடிப்பது அவர்கள் வேலை. ஆனால் தீனி கிடைக்கும்வரை அடுத்த கூட்டம் வரத்தான் செய்யும். பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் பாருங்கள்: குரங்கின் கண் நம் முகத்தில் இல்லை, கையிலுள்ள பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. வாழைப்பழம் நீட்டி அப்படிப் பழக்கியது நாம்தான். அதை நிறுத்துங்கள், குப்பைத்தொட்டியையும் இறுக மூடுங்கள்.