ஏரி நிறைந்திருக்கும்போதே செய்ய வேண்டியது

சென்னையின் வறட்சியைச் சமாளிக்கக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள அந்த நிலையங்கள் இல்லாவிட்டால் 2019-இல் சென்னை இன்னும் திண்டாடியிருக்கும், சரிதான். ஆனால் அவை இருந்தும்தானே பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என ஊருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டதும் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்? ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இவ்வளவு பெரிய ஊருக்கு அது எந்த மூலைக்கு?

அந்த ஆண்டு எங்கள் தெருவுக்கு இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி வரும். வீட்டுக்கு ஆறு குடம். மாடி ஏறி இறங்கியே அம்மாவின் முழங்கால் போய்விட்டது. அப்போதுதான் மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தோம். 2003-இல் கட்டாயம் என்றதும் கட்டியது. கூழாங்கல்லே தெரியாத அளவுக்குச் சேறு. மொட்டைமாடிக் குழாயும் பாதியில் உடைந்து கிடந்தது. அப்புறம் எல்லோரும் காசு போட்டுச் சரிசெய்தோம். அடுத்த மழைக்குக் கிணற்றில் தண்ணீர் ஏறியது.

கசியும் குழாய்களை மாற்றுவது, கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சோதித்து இணைப்பு போட்டு வைப்பது எல்லாம் ஏரி நிறைந்த ஆண்டிலேயே முடிய வேண்டும். சிக்கராயபுரம் குவாரியை 2017-இல் தொண்டை வறண்ட பிறகுதான் தேடிப் போனோம்.