அரைமணி நேரம் இருட்டில் உட்கார முடியாதா?

மகாளய அமாவாசைக்கு மறுநாள் இரவு, மண்டபம் பக்கத்துக் கடலோர ஊரான வேதாளையில் மீன்பிடிக்கும் என் மாமா கூப்பிட்டார். "மாப்பிள்ளை, வல்லத்தைக் கட்டும்போது பார்த்தேன், தண்ணீர் மின்னுகிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனே வா." மகளுக்கு எட்டு வயது. மூன்று வருடங்களாக இதைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிட்டோம்.

போனதும் மாமா டார்ச்சை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். செல்போனை அணைக்கச் சொன்னார். "பேசாமல் உட்காருங்கள்." முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் அலை உடைகிற விளிம்பில் வெளிர்நீலக் கோடு ஒன்று ஓடி மறைந்தது. மகள் தண்ணீரை அளைந்தாள். விரலிடுக்கில் பொறி பொறியாகச் சிந்தியது. சிறு மீன் ஒன்று பாய்ந்தது, போன வழியெல்லாம் எரிந்து அணைந்தது. ஓயாமல் பேசுகிற பிள்ளை வாய் திறக்கவில்லை.

பத்து நிமிடம்தான் கொடுத்துவைத்திருந்தது.

ஒரு வேன் மணல்வரை இறங்கி, கடலைப் பார்த்து நின்றது. முன்விளக்கை அணைக்கவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள், ஆளுக்கொரு செல்போன் வெளிச்சத்தோடு. "எங்கே நீலம்? ஒன்றுமே இல்லையே!" மாமா மூன்று முறை சொன்னார்: "விளக்கை அணையுங்கள் தம்பி, தானாகத் தெரியும்." யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவர் மாலத்தீவின் வாதூ தீவுப் படத்தைச் செல்போனில் காட்டி, "இப்படி இருக்கும் என்றுதானே சொன்னார்கள்" என்று மாமாவிடமே சண்டைக்கு நின்றார். தண்ணீரைக் கலக்கினால் ஒளிரும் என்று எங்கோ கேள்விப்பட்ட ஒருவன் காலி பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்தான். கால்மணி நேரத்தில், "சுத்த ஏமாற்று வேலை" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னமும் ஆறவில்லை.

அந்த ஒளி என்ன தெருவிளக்கா? நாக்டிலூகா என்கிற நுண்ணுயிர். கொஞ்சம் பெரியது என்றால்கூட ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அலையோ கையோ மீனோ உரசும்போது அதன் உடம்புக்குள் இருக்கும் லூசிஃபெரின் என்கிற வேதிப்பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒளிர்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோகிறது. வேன் விளக்குக்கு முன்னால் அது எப்படித் தெரியும்? செல்போனில் நீங்கள் பார்க்கிற படங்களில் பலவும் கேமராவைப் பல நொடிகள் திறந்துவைத்து, அத்தனை நேர ஒளியையும் சேர்த்து எடுத்தவை. வெறும் கண்ணுக்கு வாதூவிலும் அந்தப் படம்போலத் தெரியாது. போர்ட்டோ ரிக்கோவின் வியெகஸ் தீவில் மொஸ்கிட்டோ விரிகுடா இருக்கிறது. உலகிலேயே மிகப் பிரகாசமாக ஒளிரும் விரிகுடா என்று கின்னஸ் பதிவு பெற்றது. அங்கே நீந்துவதற்கே தடை. இங்கே பாட்டிலை எறிகிறார்கள்.

இந்தக் கரையில் இருட்டு யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிட்டது. தனுஷ்கோடிப் பக்கம் ஆமைக்குஞ்சுகள் பொரித்து வெளியேறும் மாதங்களில்கூட இதே விளக்குகள்தான். கடல் எது, கார் எது என்று தெரியாமல் அவை தரையைப் பார்த்து ஊர்ந்து போகும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் மின்னும்போதெல்லாம் மாமா மகிழ்வதில்லை. இதே நாக்டிலூகா அளவுக்குமேல் பெருகினால் பகலில் கடல் பச்சையாகக் குழம்பிக் கிடக்கும். பூங்கோரை என்கிறோம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். 2019 செப்டம்பரில் எங்கள் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், அப்படித்தான் மீன்கள் செத்து ஒதுங்கின. நாற்றத்துக்கு நடுவே கரையில் நிற்கிறேன், வெளியூர் நண்பர் ஒருவர் போனில் கேட்கிறார்: "ராத்திரியில் நீலமாகத் தெரியுமா? குடும்பத்தோடு கிளம்பி வரலாமா?" செத்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். வண்டியைச் சாலையிலேயே நிறுத்துங்கள். செல்போனைப் பைக்குள் போடுங்கள். கரையில் இருக்கும் வலைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். அந்தத் தண்ணீரை அவர் ஐம்பது வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேன் போன பிறகு மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கைக்கு எட்டிய பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். மறுபடி உட்கார்ந்தோம். கண் பழகுவதற்குள் இன்னொரு கார் வந்தது. மகள் தூக்கத்தில் சாய்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் இரவும் போனோம். கரையில் ஒரு வண்டிகூட இல்லை, நல்ல இருட்டு. ஆனால் காற்று மாறியிருந்தது; கடல் வெறும் கறுப்பாகக் கிடந்தது. மகள் விளிம்பில் நின்றுகொண்டு, காலால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.