அண்ணன் அகராதிக்குப் போன கதை

(தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த். வெள்ளிக்கிழமை காலை, பங்களாதேஷ் மார்க்கெட். தங்கச்சி கொத்தமல்லிக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன், கக்கத்தில் ஒரு நோட்டோடு வருகிறார்.)

தங்கச்சி: வாங்கண்ணா. ஏன் இவ்வளவு நேரம்?

அண்ணன்: ரோபோ வேலை செய்யலம்மா. எல்லா வண்டியும் நடுரோட்டுல நிக்குது.

(சிக்னல் விளக்குக்கு இந்த ஊரில் ரோபோ என்றுதான் பேர். இரும்பு மனிதனைத் தேட வேண்டாம்.)

தங்கச்சி: சரி, என்கிட்ட வாங்கின 200 ரேண்ட் கடன் எங்க?

அண்ணன்: ஜஸ்ட் நவ் தரேன்.

தங்கச்சி: லண்டன்காரன் சொன்னா இப்பத்தான்னு அர்த்தம். இந்த ஊரு ஜஸ்ட் நவ், அடுத்த காவடிக்குள்ள வந்தா உண்டு.

அண்ணன்: இரு, இரு, அதையும் எழுதிக்கறேன்.

தங்கச்சி: என்ன நோட்டு அது? கடன் கணக்கா?

அண்ணன்: வார்த்தைக் கணக்கு. பேரப்பசங்க பேசற இங்கிலீஷ் ஒண்ணும் புரியல. 35 வருஷம் பஸ் ஓட்டினவன், ஏறறது யாரு, இறங்கறது யாருன்னு பார்த்தே பழக்கம். அதான், இங்கிலீஷ்ல புதுசா எந்தச் சொல் ஏறுது, யார் வாயில ஏறுது, எப்ப இறங்குதுன்னு குறிச்சு வைக்கிறேன்.

தங்கச்சி: டிக்கெட் எடுக்குதா?

அண்ணன்: டிக்கெட் குடுக்கறது ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரங்க. வருஷத்துக்கு ஒரு சொல்லுக்கு மாலை போடுவாங்க. 2023ல ரிஸ்.

தங்கச்சி: ரைஸா?

அண்ணன்: ரிஸ்! பொண்ணுங்களைப் பேசியே மயக்கற சாமர்த்தியம். கரிஸ்மான்னு ஒரு சொல் இருக்கில்ல, அதுல தலையையும் வாலையும் வெட்டிட்டான்.

தங்கச்சி: ஷேட் மீன்ல நடுத்துண்டு கேக்கற மாதிரி.

அண்ணன்: அதேதான். பாடுபட்டுப் படிச்சு, போன மாசம் கல்யாணத்துல மாப்பிள்ளையைப் பார்த்து, "உனக்கு நல்ல ரிஸ்ஸுப்பா"ன்னேன்.

தங்கச்சி: அதான் பொண்ணோட அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களா!

அண்ணன்: அவங்க கெடக்காங்க. பேரன் காதோரமா வந்து, "தாத்தா, அதை இப்ப யாரும் சொல்றதில்ல"ங்கறான். அகராதிக்காரன் மாலை போட்ட அன்னிக்கே பசங்க அந்தச் சொல்லுக்குப் பாடை கட்டிடறாங்க. நான் எப்பவும் அடுத்த பஸ்ஸுலதான் வரேன்.

தங்கச்சி: ஓட்டின காலத்துலயும் அப்படித்தான் வந்தீங்க.

அண்ணன்: 2024ல ப்ரெயின் ராட்.

தங்கச்சி: மூளை அழுகறதா? என் மருமக போனைத் தள்ளிக்கிட்டே இருக்கா, அடுப்புல மடும்பிக் கிழங்கு கருகுது. அதுதானே?

அண்ணன்: அதேதான். ஆனா அது புதுச் சொல்லே இல்ல. தோரோன்னு ஒரு அமெரிக்கர் 1854லயே எழுதிட்டார்.

தங்கச்சி: நம்மாளுங்க முதல்ல இந்தியாவுல இருந்து ட்ரூரோ கப்பல்ல இங்க வந்து இறங்கினது எப்ப?

அண்ணன்: 1860, நவம்பர் 16.

தங்கச்சி: கரும்புக் காட்டுக்கு நாம வர்றதுக்கு 6 வருஷம் முந்தியே அழுகிடுச்சா? அப்ப போன் ஏது, என்னத்தப் பார்த்து அழுகிச்சாம்?

அண்ணன்: நோட்டுல அதுக்குக் கட்டம் போடல. இதைக் கேளு. 2025ல டிக்ஷனரி டாட் காம் மாலை போட்டது வார்த்தைக்கே இல்ல, எண்ணுக்கு. 67. அறுபத்தேழுன்னு சொல்லக் கூடாது, சிக்ஸ் செவன்.

தங்கச்சி: அர்த்தம்?

அண்ணன்: ஒண்ணும் கிடையாது. அதுதான் விசேஷம்.

தங்கச்சி: உங்க பிறந்த நாள் கூத்து அதுதானா! நான் உள்ள பிரெயானிச் சட்டியோட நின்னேன், சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அண்ணன்: கேக் மேல ஆறு ஒரு மெழுகுவத்தி, ஏழு ஒரு மெழுகுவத்தி. ஊதப் போறேன். பசங்க அத்தனை பேரும் ரெண்டு உள்ளங்கையையும் தராசுத் தட்டு மாதிரி மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு "சிக்ஸ் செவன்"னு கத்தறாங்க. நம்ம வயசுக்கு இவ்வளவு மரியாதையான்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கையைத் தூக்கி எல்லாரையும் ஆசீர்வாதம் பண்ணினேன்.

தங்கச்சி: கடையிலயும் அதே தொல்லை. மசாலா பாக்கெட் 67 ரேண்ட்னு அட்டை வெச்சேன். ஸ்கூல் பசங்க கூட்டமா நின்னு கத்தறாங்க, ஒருத்தனும் வாங்கல.

அண்ணன்: என்ன பண்ணினே?

தங்கச்சி: 68 ஆக்கிட்டேன். ஒரு பயலும் வரல. பாக்கெட்டுக்கு ஒரு ரேண்ட் லாபம்.

அண்ணன்: மாலை வேற, நிரந்தர இடம் வேற, தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய அகராதியில சட்டுன்னு விட மாட்டாங்க. பல பேர், பல இடத்துல, பல காலம் எழுதியிருக்கணும். ஆனா உள்ள போயிட்டா எடுக்கவே மாட்டாங்க.

தங்கச்சி: கோயில் சுவத்துல நன்கொடை குடுத்தவன் பேர் மாதிரி. ஆள் போனாலும் பேர் நிக்கும்.

அண்ணன்: நம்ம சொல்லும் போயிருக்கு. கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி. 2016ல ஐயோ.

தங்கச்சி: ஐயோ, 2016லதானா? நம்ம பாட்டன் கப்பலை விட்டு இறங்கறப்பவே அதைத்தானே சொல்லிக்கிட்டு இறங்கியிருப்பார்!

அண்ணன்: 2017ல அண்ணா. மூத்த சகோதரன். நீ என்னைக் கூப்பிடறது இப்ப சுத்தமான இங்கிலீஷ்.

தங்கச்சி: நெசமாவா? அதுக்கு முன்னால அந்த எழுத்துல ஒண்ணும் இல்லையா?

அண்ணன்: இருந்துச்சு. ஆனா அது பழைய இந்தியக் காசு, 16 அணா ஒரு ரூபா. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

தங்கச்சி: அப்ப காசு முதல்ல வந்துச்சு, அண்ணன் அப்புறம்தான் வந்தார்?

அண்ணன்: (பெருமையோடு) ஆமா, ரொம்ப வருஷம் கழிச்சு.

தங்கச்சி: (கொத்தமல்லிக் கட்டை அவர் கையில் திணித்தபடி) நல்ல அகராதி. அடுத்த வெள்ளிக்கிழமை என் கடைக்கும் அதே வரிசையில வாங்கண்ணா.