3,926 பக்கப் பதில்

கனடாவின் பாஃபின் தீவில், கிழக்குக் கரையோரம் கிளைட் ரிவர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர், பெரும்பாலும் இனுவிட் என்ற ஆர்க்டிக் பழங்குடி மக்கள். கடல்நாயும் நார்வால் திமிங்கிலமும் அங்கே வேடிக்கைப் பொருள்கள் அல்ல, சாப்பாடு.

அந்தக் கடலுக்கடியில் எண்ணெய் தேட மூன்று நிறுவனங்கள் கிளம்பின. கப்பல் இழுத்துச் செல்லும் கருவிகள் அழுத்தக் காற்றை நீருக்குள் வெடிக்கவிடும். கடலடிப் பாறையில் பட்டுத் திரும்பும் சத்தத்தை வைத்து எண்ணெய் இருக்குமிடத்தைக் கணிப்பார்கள். ஐந்து ஆண்டுத் திட்டம். காதை நம்பி வாழ்கிற திமிங்கிலம் அந்தச் சத்தத்தில் என்ன ஆகும்? 2013இல் ஊர் ஊராக நடந்த கூட்டங்களில் மக்கள் கேட்டது அதைத்தான். பாண்ட் இன்லெட் ஊரில் நிறுவனத் தரப்பிலிருந்து கிடைத்த பதில்: இது கடினமான கேள்வி, நாங்கள் அந்தத் துறை வல்லுநர்கள் அல்ல.

பிறகு சில மாதங்கள் கழித்து முழுப் பதில் வந்தது. 3,926 பக்கம்! அதில் சிறு பகுதி மட்டுமே அந்த மக்களின் இனுக்டிடூட் மொழியில் இருந்தது. ஊர் அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள், இணையத்திலும் போட்டார்கள். ஆனால் அங்கே இணைய வேகம் அந்தக் கோப்பைத் தரவிறக்கும் அளவுக்கு இல்லை. வீட்டுக்கடன் பத்திரத்தின் நாற்பது பக்கத்தையே படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்; அந்த வேட்டைக்காரர்களை என்னவென்று சொல்வது?

தேசிய எரிசக்தி வாரியம் 2014இல் அனுமதி கொடுத்தது. கீழ் நீதிமன்றமும் ஊருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2017 ஜூலை 26 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. எட்டாத காகிதக் குவியலைக் கொண்டுவந்து கொட்டுவது உண்மையான கலந்தாலோசனை ஆகாது என்று அது எழுதிய இடத்தை இரண்டு முறை படித்தேன்.

வழக்கில் ஊருக்குத் துணை நின்றது கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு. இதே அமைப்பின் பழைய கடல்நாய் வேட்டை எதிர்ப்புப் பிரசாரமும், 1983இல் ஐரோப்பா கொண்டுவந்த கடல்நாய்க் குட்டித் தோல் தடையும் சேர்ந்து தோல் விலையை வீழ்த்தி, இனுவிட் வேட்டைக்காரர்களின் வருமானத்தில் கைவைத்தன. கிரீன்பீஸ் கனடா 2014இல் மன்னிப்புக் கேட்டது. கை கொடுத்தவரை ஏற்றுக்கொள்ள அந்த ஊர் எவ்வளவு விழுங்கியிருக்கும்!

தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்த ஊர் வென்றது, அதனிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை என்பதற்காக. ஒழுங்காகக் கேட்டு, மொழிபெயர்த்து, பொறுமையாக விளக்கி, மக்கள் வேண்டாம் என்ற பிறகும் கப்பலை அனுப்பியிருந்தால்?

அதே நாளில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கிலும் தீர்ப்பளித்தது. ஒண்டாரியோவின் சிப்பேவா பழங்குடியினர் ஓர் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தை எதிர்த்திருந்தார்கள். அவர்களிடம் கலந்தாலோசனை போதிய அளவு நடந்திருக்கிறது, திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அவர்களுக்குச் சட்டத்தில் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் தோற்றார்கள்.