ஹேஸ்டிங்ஸ் வெற்றியும் உலகப் பட்டமும்

"1895 ஹேஸ்டிங்ஸில் லாஸ்கரை முந்தி பில்ஸ்பரி உலகச் சாம்பியன் ஆனார்" என்று சதுரங்க வரலாறு பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு.

இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் நடந்த அந்தச் சதுரங்கப் போட்டியில் 22 பேர் ஆடினார்கள். அமெரிக்க வீரர் பில்ஸ்பரி 16½ புள்ளி, ரஷ்யாவின் சிகோரின் 16, அப்போதைய உலகச் சாம்பியன் லாஸ்கர் 15½. இவ்வளவு பெரிய போட்டியில் 22 வயதுப் பையன் முதலிடம் என்பது அசாத்தியம்தான், அதுவும் முதல் சுற்றிலேயே சிகோரினிடம் தோற்ற பிறகு. ஆனால் அங்கே உலகப் பட்டம் பணயத்தில் இல்லை. அந்தக் காலத்தில் பட்டம் கைமாறியது நேருக்கு நேர் ஆடும் தொடரில் மட்டும்தான். 1894-இல் அதுவரை சாம்பியனாக இருந்த ஸ்டைனிட்ஸை 10 வெற்றி, 5 தோல்வி, 4 டிரா என்று வீழ்த்தித்தான் லாஸ்கர் பட்டத்தைப் பிடித்தார். 1921 வரை அது அவரிடமே இருந்தது. சொல்லப்போனால், ஹேஸ்டிங்ஸில் பில்ஸ்பரியும் லாஸ்கரும் மோதிய ஆட்டத்தில் ஜெயித்ததும் லாஸ்கரே!

பில்ஸ்பரிக்கு வாய்ப்பு இருந்ததா என்று கேட்டால், 1895-96 செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியைப் பாருங்கள். லாஸ்கர், ஸ்டைனிட்ஸ், பில்ஸ்பரி, சிகோரின் நால்வர் மட்டும், ஒவ்வொருவரோடும் ஆறு ஆட்டம். பாதி வரை 9 ஆட்டத்தில் 6½ புள்ளி எடுத்து பில்ஸ்பரிதான் முன்னால். அப்புறம் லாஸ்கர் யானையை பலி கொடுத்து அவரை வீழ்த்திய ஆட்டம் வந்தது. அதோடு ஆள் சரிந்துவிட்டார். மீதி ஒன்பதில் வெறும் 1½! லாஸ்கர் 11½ எடுத்து முதலிடம், பில்ஸ்பரி 8 புள்ளியோடு மூன்றாவது. உலகப் பட்டத்துக்கான தொடர் எதிலும் அவர் ஆடியதே இல்லை; 1906-இல் 33 வயதில் இறந்துபோனார்.